சனிக்கிழமைக் கோழி

அத்தியாயம் 6

பதுளை ஸ்டேஷன் ரோட்டில் 'மிஸ்ட்' என்று ஒரு பப் இருக்கிறது. உள்ளே அறுபது பேர் நின்றால், அறுபத்தோராவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கதவில் ஒரு போஸ்டர். மூன்று பேர் யாரோ கடன்காரனைப் பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டு நிற்க, கீழே 'பெரட்டு, சனிக்கிழமை மாலை ஆறு மணி, புதிய பாட்டுகள்' என்று எழுதியிருந்தது. தோட்டங்களில் விடியக்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பெயரை வைத்தால் ரசிகர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

போஸ்டரின் நடுவில் நின்ற பாடகன் ஜெயரூபனைத்தான் காணவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ரிகர்சல் முடிந்து கிளம்பியவன். இன்று வியாழன்.

என் பெயர் வாஹித். த்ரீவீல் ஓட்டுகிறேன், பகிடி விடுகிறேன். இரண்டாவதற்கு யாரும் காசு தருவதில்லை. யசோதினி மேடம் பதினேழு வருஷம் நீதிமன்றத்தில் சிங்களத்தைத் தமிழிலும் தமிழைச் சிங்களத்திலும் சொன்னவர். அடுத்தவன் பொய்யை இரண்டு பாஷையில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், துணிக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறிகிறார். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். அவருக்கு வண்டியும் நான், வாயும் நான்.

இன்று காலை அந்த அறைக்கு பிரஷாந்தினி வந்தாள். குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள், பகலில் வங்கிக் கவுண்டரில் இருப்பவள். வைகாசியில் அவளுக்கும் ஜெயரூபனுக்கும் கல்யாணம். அவள் அழவில்லை. போனை மேசைமேல் வைத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். நேற்று, புதன்கிழமை, காலை பத்து இருபதுக்கு ஜெயரூபனின் நம்பரிலிருந்து குழுவின் வாட்ஸப்புக்கு வந்தது. மொத்தம் பன்னிரண்டு செக்கன்.

"ஷோவ நிறுத்திடுங்க. என்னால வர ஏலாது. கொஞ்ச நாளைக்கு என்னையத் தேடாதீங்க. என்னைய விட்டுருங்க."

அதற்குப் பிறகு போன் ஓஃப். போலீஸில் அதைக் கேட்டுவிட்டு, "ஆளே தேடாதேன்னு சொல்லுது, நாங்க எங்க போய்த் தேடுறது" என்று அனுப்பிவிட்டார்களாம்.

"என்னைய விட்டுட்டுப் போயிட்டானா, இல்ல அவனுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா? எனக்கு அது மட்டும் தெரியணும் மேடம்," என்றாள் பிரஷாந்தினி. "போயிட்டான்னா போகட்டும். ஆனா இந்த வாய்ஸ் இருக்கிற வரைக்கும் அவன ஒருத்தரும் தேட மாட்டாங்க."

நியாயமான பேச்சு. பன்னிரண்டு செக்கன் குரல் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அது பொய் என்று காட்டினால்தான் ஒரு போலீஸ்காரனாவது நாற்காலியை விட்டு எழும்புவான்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் அங்கே பகிடி எதுவும் விடவில்லை.

பப்பின் முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. வலது ஹெட்லைட் மஞ்சள் பூத்துப்போய் இருந்தது. இடது ஹெட்லைட் மட்டும் நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல மினுங்கியது.

"மேடம், இந்த வேனுக்கு ஒரு கண்ணுல மட்டும் ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. மத்தக் கண்ணுக்கு டாக்டர் லீவு போல," என்றேன்.

மேடம் சிரித்தார். வேனிலிருந்து ஸ்பீக்கரை இறக்கிக்கொண்டிருந்த வாலிபன் சிரிக்கவில்லை.

"நாய் ஒண்ணு குறுக்க பாஞ்சிருச்சு நானா," என்றான். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஐப்பசில போட்ட லைட்டு."

அவன்தான் திலீபன். குழுவில் பேஸ் கிட்டார். பண்டாரவளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். வேன் அவனுடையது, ஸ்பீக்கர் அவனுடையது, எந்த ஷோவானாலும் பேசி முடிப்பவனும் அவன்தான். கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. கூட்டாளியைக் காணாமல் தூக்கம் கெட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தூக்கம் கெட்டிருந்தது என்னவோ உண்மைதான்.

"ரூபன் வருவான் மேடம்," என்றான். "அப்பா செத்து மூணு மாசந்தான் ஆகுது. மனசு சரியில்ல. எங்கயாச்சும் போய் இருந்துட்டு வருவான். சனிக்கிழமை ஷோவ நான் நிறுத்தல, பாருங்க. ஸ்பீக்கர் எல்லாம் எறக்குறேன்."

"நல்லதாப் போச்சு. இந்த வாய்ஸ அந்தப் பெரிய ஸ்பீக்கர்ல போட முடியுமா?" என்று மேடம் கேட்டார்.

திலீபன் ஒரு நிமிஷம் யோசித்தான். மாட்டேன் என்று சொல்ல அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. வயரைச் செருகினான்.

போனில் முணுமுணுப்பாக இருந்த குரல் பப் முழுக்க நிறைந்தது. ஜெயரூபன் மேடையில் நின்று எங்களிடமே சொல்வதுபோல் இருந்தது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கேட்பதென்றால் அப்படித்தான். கோட்டிலும் அப்படித்தானாம். நீதவான் ஒருவர் அவர் தூங்குகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்ன கதையை எனக்குப் பலதரம் சொல்லியிருக்கிறார்.

"திருப்பிப் போடுங்க."

மூன்றாவது தரம் எனக்கும் கேட்டது. குரலுக்குப் பின்னால் தப்பு, அந்தத் தோல் பறையின் சத்தம். யாரோ விடாமல் அடிக்கிறார்கள். அதற்கும் பின்னால், எட்டாவது செக்கனில், ஒரு கோழி. கொக் கொக் என்று இரண்டு தரம், பிறகு உயிர் போகிற கத்தல் ஒன்று. அதுவும் தூரமாய்ப் போய்த் தேய்ந்தது.

"ரிகர்சல் சத்தம் மேடம்," என்றான் திலீபன் உடனே. "எங்க பாட்டு எல்லாத்துலயும் தப்பு இருக்கும்."

"கோழி?"

"அது... பஸ் ஸ்டாண்டா இருக்கும். காலைல கோழி லொறி வந்து நிக்கும்."

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் மேடம் சொன்னார்: "பன்னிரண்டு செக்கனுக்குள்ள ரிகர்சல் ரூம்லயும் இருந்திருக்கான், பஸ் ஸ்டாண்ட்லயும் இருந்திருக்கான். நல்ல ஓட்டக்காரன்."

"பயத்துல வாய்க்கு வந்ததச் சொல்றான் மேடம். பாவம்."

"இருக்கலாம். ஆனா அது ரிகர்சல் இல்ல வாஹித். நான் வளந்த வீடு மயானத்துக்குப் போற ரோட்டுல. அந்த அடி எனக்குத் தெரியும். அது பொணத்துக்கு முன்னால அடிக்கிற அடி. நேத்துக் காலைல ஜெயரூபன் ஒரு சாவுல நின்னுக்கிட்டுப் பேசியிருக்கார். நேத்து எங்க சாவு?"

இதற்குத்தான் ஒரு த்ரீவீல்காரன் வேண்டும் என்பது. "மடுல்சீமையில மேடம். நேத்து ஹயர் போனப்ப ரோட்டு முழுக்க வெள்ளைக் கொடி."

"வண்டிய எடுங்க."

மடுல்சீமைக்குப் போகிற பாதையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பாதை என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு. பசறை தாண்டியதும் என் முதுகெலும்பு எண்ணிக்கை மறந்தது. மேடம் மட்டும் பின் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு செக்கனையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"எந்த ஷோன்னு சொல்லல," என்றார் ஒரு வளைவில்.

"என்ன மேடம்?"

"'ஷோவ நிறுத்திடுங்க'ன்னு மட்டும் சொல்றார். சனிக்கிழமை ஷோன்னு சொல்லல. கோட்ல இப்படி ஒரு பேச்சு வந்தா, எப்போ, எதைன்னு திருப்பிக் கேக்காம நான் மொழிபெயர்க்க மாட்டேன்."

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. குழியைப் பார்த்து ஓட்டினேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு லயத்தை, தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளை, கண்டுபிடித்தோம். சாவு வீட்டு வாசலில் வெள்ளைத் துணி இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கியது. தப்பு அடித்தவர் இராசையா என்றார்கள். இரண்டாவது காம்பரா வீட்டின் முன்னால் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"வாங்க நானா, வாங்கம்மா. இப்பிடி உக்காருங்க."

ஜெயரூபனின் படத்தைக் காட்டினோம். நேற்று இந்தப் பக்கம் வரவில்லை என்றார், அடித்துச் சொன்னார். மேடத்தின் முகம் தொங்கிப்போனது. நான் என் வண்டியின் ஸ்பீக்கரை முழுசாகத் திறந்து வாய்ஸைப் போட்டேன். பின் சீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன், பயணிகள் பேசினால் எனக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக.

இராசையா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"இது நம்ம தப்புங்கம்மா. நான் அடிச்சது."

"நேத்துக் காலைல அடிச்சதா?"

"நேத்துப் பொணம் எடுத்தது மூணு மணிக்கு. காலைல பத்து மணிக்கு நான் தப்பையே காய வைக்கல. அப்புறம், நேத்துப் புதன்கெழமைல்ல? புதன்கெழமை எவன் கோழி கட்டுவான்?"

மேடம் சட்டென்று நிமிர்ந்தார். "கோழி கட்டுறதா?"

"சனிக்கெழமை எடுக்குற பொணத்தோடதாம்மா கோழி போகும். அது தொணைக்கு இன்னொரு ஆளக் கேக்கும்னு ஒரு பயம். ஆளுக்குப் பதிலா பாடையில ஒரு கோழியக் கட்டி விடுவோம். மத்த நாள்ல கட்டுறதே இல்ல. நீங்க டவுன்காரங்க, வண்டியில வச்சுக் கொண்டு போயிடுவீங்க. அதான் தெரியல."

"அப்படின்னா இது ஒரு சனிக்கிழமை," என்றார் மேடம் மெல்ல. "நேத்து இல்ல."

பன்னிரண்டு செக்கனும் பொய்யாகிவிட்டது. இதுவே போதும், போலீஸுக்குப் போகலாம் என்று நான் சாவியைத் திருகினேன். இராசையா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு வாட்டி போடுங்க நானா."

போட்டேன். கோழி கத்தியது, தேய்ந்தது. அவர் முகம் மாறியது.

"கோழி தூரமாப் போகுது பாருங்க. அவுந்து ஓடிருச்சு. நான் அடிச்ச சாவுல கோழி ஓடுனது ஒரே ஒரு தரந்தாங்க. ஐப்பசில, லுணுகலைப் பக்கத்துல. பனி மூட்டத்துல ரோட்டோரமா நடந்து போன மனுசன வண்டி அடிச்சுப்புட்டு நிக்காமப் போன கேஸு. எந்த வண்டின்னு இன்னும் தெரியல. கோழி ஓடுனதுல இருந்து அந்த வீட்டம்மா, இன்னொரு ஆள எடுக்கும், இன்னொரு ஆள எடுக்கும்னு பொலம்பிக்கிட்டே இருக்குன்னு கேள்வி." படத்தில் இருந்த ஜெயரூபனைக் காட்டினார். "செத்தது இந்தப் புள்ளையோட அப்பன். முகத்தப் பாத்தப்பவே எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு. கொள்ளி வச்ச புள்ள."

நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"அப்பா பொணத்துக்குப் பின்னால நடந்துக்கிட்டே பேசினது மேடம்," என்றேன். "அத மூணு மாசம் கழிச்சு அவரே ஏன் அனுப்பணும்?"

"அவர் அனுப்பல. அவர் போன் எவன் கையில இருந்துச்சோ அவன் அனுப்பினான். தன்னோட பழைய வாய்ஸ அதே போன்ல இருந்து திருப்பி அனுப்பினா, புதுசு மாதிரித்தான் போய்ச் சேரும். ஆனா அப்படி ஒரு வாய்ஸ் இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். அன்னைக்கு அது யாருக்குப் போச்சு? அவ்வளவுதான் கேள்வி."

அந்த லயத்தில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தாங்கியின் பக்கத்தில் மட்டும்தான். மேடம் அங்கே போய் நின்று பிரஷாந்தினியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பப்பில் இருந்தாள். சும்மா இருக்க முடியாமல் டிரம்ஸைப் பொருத்திக்கொண்டிருக்கிறாளாம்.

"நான் கேக்குறதுக்கு ஆமா, இல்ல, ரெண்டு மட்டும் சொல்லும்மா. ரூபனோட அப்பாவ எடுத்த சனிக்கிழமை உங்களுக்கு ஒரு ஷோ இருந்துச்சா?"

"ஆமா."

"அத நிறுத்தச் சொல்லி ரூபன் உனக்கு வாய்ஸ் அனுப்பினானா?"

"இல்ல. நான் அன்னைக்கு அவங்க வீட்டுலதான் இருந்தேன். பொம்பளைங்க நாங்க மயானத்துக்குப் போகல. சாய்ந்தரமா இவன்தான் கோல் பண்ணி..."

அவள் நிறுத்தினாள். போனில் பேஸ் கிட்டாரின் கம்பியை யாரோ சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டது. டும், டும் என்று.

"திலீபனுக்கா அனுப்பினான்?" என்று மேடம் கேட்டார்.

கிட்டார் இன்னும் இரண்டு தரம் டும் என்றது. பிறகு, "ஆமா," என்றாள். குரல் உடையவில்லை. அந்தப் பெண்ணின் நெஞ்சுரத்துக்கு நான் சலாம் வைக்கிறேன்.

"அவனோட சாதாரணமா இரு. ஆளுங்க மத்தியிலயே இரு. நாங்க வாறோம்."

திரும்பி வண்டிக்கு நடக்கும்போதுதான் என் மண்டையில் அது விழுந்தது. கால் நின்றுவிட்டது.

"மேடம், அந்த வேன். ஒரு கண்ணு. ஐப்பசில போட்ட லைட்டு."

"ஆமா வாஹித்," என்றார் அவர். "காலைல நீங்க அதப் பகிடியாச் சொன்னீங்க. நானும் சிரிச்சேன்."

பதுளைக்கு வண்டியை விரட்டினேன். மேடம் பசறையில் சிக்னல் வந்ததும் போலீஸுக்குப் பேசினார். இந்தமுறை இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோழி என்றதும் சிரிக்கப் பார்த்தவர், வேன் என்றதும் நிறுத்திக்கொண்டார்.

நாலரை மணிக்குப் பப்புக்குள் நுழைந்தோம். திலீபன் மேடையில் இருந்தான். பிரஷாந்தினி டிரம்ஸுக்குப் பின்னால் குச்சிகளைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் சிவில் உடையில் நின்றார்கள். அவர்கள் பியர் குடிக்க வந்தவர்களைப்போல நிற்க முயன்றது ஒரு கண்றாவி. வேறு நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

மேடம் போனை அந்த வயரில் செருகினார். அவரே போட்டார். குரல், தப்பு, கோழி.

"இது எந்தக் கிழமை, திலீபன்?"

"புதன்கிழமை. காலைல சொன்னேனே மேடம்."

"கோழி?"

"லொறி..."

"லொறியில இருந்த கோழி இல்ல. பாடையில கட்டியிருந்த கோழி. சனிக்கிழமை மட்டும்தான் கட்டுவாங்களாம். உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நாம ரெண்டு பேருமே கடைக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க. தோட்டத்து ஆள் ஒருத்தன் இத அனுப்பியிருந்தா, முதல்ல அந்தச் சத்தத்தக் கேட்டிருப்பான், அனுப்பியிருக்க மாட்டான். உங்களுக்கு அது வெறும் தப்புச் சத்தம், ரிகர்சல் சத்தம். இந்த வாய்ஸ் உலகத்துல ரெண்டே ரெண்டு போன்லதான் இருந்துச்சு. ஒண்ணு ரூபன் போன். மத்தது?"

திலீபன் கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். மெதுவாக, கீறல் விழாமல் சாய்த்தான். பிறகு சொன்னான்:

"நாய்னுதான் நெனச்சேன்."

வேனைப் பற்றி மேடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

பிரஷாந்தினி எழுந்து நின்றாள். திலீபன் அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனான்.

"மூட்டம். ஒண்ணுமே தெரியல. மறுநாள் பேப்பர்லதான் பாத்தேன். ரூபன் அப்பான்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. நான் சாவுக்குப் போகல, காய்ச்சல்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவன் பாட்டு எழுதினான். நிக்காமப் போன வண்டியப் பத்தி. ஒவ்வொரு ரிகர்சல்லயும் என் பக்கத்துல நின்னு பாடினான். நான் பேஸ் வாசிக்கணும். சனிக்கிழமை எல்லாரு முன்னாலயும் வாசிக்கணும். என்னால முடியல. செவ்வாய்க்கிழமை அவன அந்த வளைவுக்கே கூட்டிட்டுப் போனேன். அவங்கப்பா விழுந்த எடத்துல வச்சுச் சொன்னேன். கால்ல விழுந்தேன் மேடம், சத்தியமா விழுந்தேன். அவன் என் சட்டையப் புடிச்சான். நான் தள்ளினேன். அந்தப் பக்கம் மதில் இல்ல."

"போன்?"

"வேன்ல சார்ஜ்ல இருந்துச்சு. எங்க ட்ராக் எல்லாம் அதுலதான். லொக் நம்பர் எங்க மூணு பேருக்கும் தெரியும்."

பிரஷாந்தினி மேடையின் நடுவுக்கு வந்தாள். ஜெயரூபன் நிற்கவேண்டிய இடம் அது.

"விழுந்தப்புறம்?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டான்."

"என்னன்னு?"

"என் பேரச் சொல்லித்தான்."

அவள் அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவள் குச்சிகள் இரண்டையும் அவன் காலடியில் போட்டாள்.

"நேத்து எனக்கு டீ வாங்கிக் குடுத்தே," என்றாள். "அழாத, வந்துருவான்னு சொன்னே."

லுணுகலை ரோட்டில் அந்த வளைவுக்குப் போனபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கீழே கைவிட்ட தேயிலை. வெட்டாமல் விட்டதால் செடிகள் மரமாகி நின்றன. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். நாங்கள் மேலே நின்றோம். பிரஷாந்தினி என் த்ரீவீலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரூபன், ரூபன்" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். கீழேயிருந்து டோர்ச் வெளிச்சம் ஒன்று மேலே பார்த்து இடமும் வலமுமாக ஆடியது. அது உயிர் இல்லை என்று சொல்கிற ஆட்டம். பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது.

கால் இரண்டும் முறிந்திருந்ததாம். விழுந்த இடத்திலிருந்து முப்பது அடி மேலே தவழ்ந்து வந்திருக்கிறான். புதன்கிழமை மத்தியானம் வரை உயிர் இருந்திருக்கும் என்று மறுநாள் டாக்டர் சொன்னார்.

வாய்ஸ் வந்தது புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு. நான் வேண்டுமென்று கணக்குப் போடவில்லை. மனசு தானாகப் போட்டுக்கொண்டது, இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறது. என்னைத் தேடாதீர்கள் என்று அவன் குரல் எல்லார் போனிலும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் அந்தச் சரிவில் ஒவ்வொரு தேயிலைத் தூராகப் பிடித்து மேலே வந்துகொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரி வேலையிலேயே போய்விட்டது. ஜெயரூபனின் பெட்டி அவன் வீட்டு லயத்துக்கு வந்து சேர்ந்தது சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமை. மிஸ்ட்டின் கதவில் போஸ்டரைக் கிழிக்காமல் அதன்மேல் ஒரு கறுப்பு ரிப்பனை ஒட்டியிருந்தார்கள்.

பெட்டியை மூன்று மணிக்கு எடுத்துப் பாடையில் வைத்தார்கள். இராசையா வந்திருந்தார். கோழியை ஒருவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். சின்னக் கோழி, கறுப்பு. வாழை நாரால் பாடையின் கால்மாட்டில் கட்டப் போனபோது ஜெயரூபனின் அம்மா கருப்பம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"குடு இங்க," என்றார்.

"அம்மா, இது ஆம்பளைங்க வேல."

"போன வாட்டி ஆம்பளைங்கதானடா கட்டுனீங்க?"

கோழியை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் நாரை வாங்கிக் கீழே எறிந்துவிட்டு, தன் இடுப்பிலிருந்த படங்குக் கயிற்றை உருவினார். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றும் சாக்குத் துணியைக் கட்டுகிற கயிறு அது. கோழியின் காலைப் பாடை மூங்கிலோடு சேர்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து இழுத்தார்.

பிரஷாந்தினி பக்கத்தில் நின்று அந்த முடிச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பம்மா திரும்பி அவள் கன்னத்தைத் தொட்டார். கையில் கோழி இறகு ஒன்று ஒட்டியிருந்தது.

"அவன் கேட்டா உன்னையத்தான் புள்ள கேப்பான்," என்றார். "அதான் இறுக்கிக் கட்டுறேன்."

அதுவரை அழாத பிரஷாந்தினி அப்போதுதான் அழுதாள். இராசையா தப்பை எடுத்தார். நானும் ஆண்களோடு சேர்ந்து பின்னால் நடந்தேன், கண்ணைக் கோழியின் காலை விட்டு எடுக்காமல் நடந்தேன். மயானம் போய்ச் சேரும்வரை முடிச்சு அவிழவில்லை.